கம்பஸ் முதல் வருடம்: இரவு பத்து மணிக்கு மேல் வரும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் ஆறு பிள்ளைகளோடு நானும் போர்டிங்கில் இருக்கிறேன். அவர்கள் படிக்கிறார்கள், நான் வேலைக்குப் போகிறேன். கொழும்பில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்குப் புது பட்ச் எடுக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் என் நம்பரை யாருக்கோ கொடுத்துவிடுகிறார். போன் வருவது அநேகமாக இரவு பத்து மணிக்கு மேல். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கதைப்பது கேட்கும்.

கேட்பவர்கள் அநேகமாக முதல் வருடப் பிள்ளைகள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான்: பகிடிவதை, அதாவது ராகிங், அதை எப்படிச் சமாளிப்பது. அதனால் கொப்பியில் குறித்து வைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கட்டும் என்று யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகப் பேச்சையெல்லாம் திருத்தாமல் விட்டிருக்கிறேன். யாருடைய பெயரும் இல்லை. நான் படித்த கம்பஸ் எதுவென்றும் எழுதப்போவதில்லை.

அக்கா, பகிடிவதை இப்பவும் இருக்கோ? சட்டம் வந்து நிப்பாட்டியாச்சு எண்டு சொல்லுகினமே.

இருக்கிறது. பீடத்துக்குப் பீடம் வேறுபடும். சில இடங்களில் உண்மையாகவே குறைந்துவிட்டது, சில இடங்களில் போனுக்குள் போய்விட்டது. முன்பு மரத்தடியில் நிற்கவைத்துக் கேட்டதை இப்போது இரவு ஒரு மணிக்கு வட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள்.

சட்டம் 1998இல் வந்தது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முந்தைய வருடம்தான் பேராதனையில் பொறியியல் படிக்கப் போன செல்வநாயகம் வரப்பிரகாஷ், சீனியர்கள் கட்டாயப்படுத்திச் செய்வித்த உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார். “சும்மா கொஞ்சம் எக்சசைஸ்தானே” என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எது பகிடி, எது வதை? பேர் கேக்கிறதும் பாட்டுப் பாடச் சொல்றதும் குற்றமா?

அந்தச் சட்டம் பகிடிவதைக்குத் தரும் விளக்கம் நீங்கள் நினைப்பதைவிட அகலமானது. மாணவர் ஒருவருக்கோ ஊழியர் ஒருவருக்கோ உடலிலோ மனதிலோ காயம், மன வேதனை, பயம் ஆகியவற்றை உண்டாக்கும் அல்லது உண்டாக்கக்கூடிய எந்தச் செயலும் அதற்குள் வரும். பயம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அடி விழுந்திருக்க வேண்டியதில்லை.

வளாகத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றம் குற்றம்தான். அப்படியென்றால் போர்டிங் அறையும் போனும் சேர்த்துத்தான். செய்தவர் மட்டுமல்ல, கூட நின்று பங்குபற்றியவரும் மாட்டுவார். சாதாரண பகிடிவதைக்கு 2 வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ என்றால் 10 வருடம் வரை. ‘போட்டோவை வெளியில் விடுவேன்’, ‘தம்பிக்கு ஏதாவது நடக்கும்’ என்று மிரட்டிக் காரியம் சாதிக்கப் பார்த்தால் 5 வருடம் வரை. குற்றம் நிரூபணமானால் கம்பஸிலிருந்து நீக்கும்படியும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

சட்டத்தை விடுங்கள், நடைமுறைக்கு ஒரு வழி சொல்கிறேன். “மாட்டேன்” என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போனால் அது பகிடி. முகம் மாறினால் அது வேறு.

முதல் நாள் என்ன உடுத்துறது? ஜீன்ஸ் போட்டா பிரச்சினையா?

பல்கலைக்கழக விதியில் முதல் வருடத்துக்கென்று தனி உடுப்பு கிடையாது. நீளப் பாவாடை, ரப்பர் செருப்பு, இரட்டைப் பின்னல் எல்லாம் சீனியர்களின் சட்டம். உடுப்பு ஒரு விஷயமே இல்லை என்று நினைத்தால் பாவாடையையே உடுத்திக்கொண்டு போங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. எதற்காகச் சண்டை பிடிப்பது என்பதை நீங்கள்தான் தெரிவுசெய்ய வேண்டும், அவர்கள் இல்லை. நானும் இரண்டு மாதம் பாவாடைதான் கட்டினேன்.

எனக்குச் சிங்களம் துண்டறத் தெரியாது. சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். சரிதானே?

சிரித்துக்கொண்டு நிற்பதை ஒரு கட்டத்துக்கு மேல் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வசனம் பாடமாக்குங்கள். ‘மட்ட தேரென்னே நே’ என்றால் எனக்கு விளங்கவில்லை. ‘மம ஏக்க கரன்னே நே’ என்றால் நான் அதைச் செய்யமாட்டேன். இரண்டாவதை அறையில் கண்ணாடிக்கு முன்னால் உரத்துச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொல்வதும் வாயால் சொல்வதும் ஒன்றல்ல.

மொழி மெல்ல வரும். பக்கத்துக் கட்டில் சிங்களப் பிள்ளையிடம் சாப்பாட்டுச் சாமான்களின் பெயரிலிருந்து தொடங்குங்கள். முறைப்பாட்டை மட்டும் தெரியாத மொழியில் எழுதவே வேண்டாம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. தமிழில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எனக்கு சிங்களம் நல்லா வருங்க அக்கா. அதனால என்னைய கூப்பிட்டு, மத்த புள்ளைங்களுக்கு தமிழ்ல சொல்லுன்னு சொல்றாங்க. நான் வெறும் மொழிபெயர்ப்புதானே செய்றேன்?

இந்தக் கேள்வியை இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மூன்று பேரும் மலையகம். அந்த மூன்று தடவையும் எனக்கு உடனே பதில் வரவில்லை.

நான் நோர்வூட் பக்கம் வளர்ந்தவள். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலே கடை வைத்திருந்தது ஒரு சிங்களக் குடும்பம். அவர்கள் பிள்ளைகளோடு விளையாடி மொழி தானாக ஒட்டிக்கொண்டது. கம்பஸில் முதல் நாளே சீனியர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கன்டீனுக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் எங்களை வரிசையில் நிற்கவைத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு பிள்ளை. தலையில் எண்ணெய் பளபளத்தது. பை வாரை விரலில் சுற்றிச் சுற்றி நுனி வெளுத்திருந்தது. அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. “இவளுக்குச் சொல்லு” என்றார்கள், சொன்னேன். ஊர் எது, பெயர் என்ன, அப்பாவுக்கு என்ன வேலை. அப்பா இல்லை என்றாள். “இல்லை என்றால்? செத்தவரா, ஓடிப்போனவரா?” என்று ஒருத்தி கேட்டுச் சிரித்தாள். அதையும் நான் தமிழில் சொன்னேன்.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சீனியர் சொன்னது அவள் காதில் வெறும் சத்தம். அந்தக் கேள்வியை அவள் கேட்டது என் வாயிலிருந்துதான், என் குரலில்தான். அவள் என்னைத்தான் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு ‘ட்ரான்ஸ்லேட்டர்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதனால் என்னைக் குனியவைக்கவில்லை, வெயிலில் நிற்கவைக்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடி அப்பா கதையைத் தொடங்கினார்கள். “சொல்லு” என்றார்கள். “மட்ட பே” என்றேன். முடியாது என்று அர்த்தம். வீரமாகவெல்லாம் இல்லை, குரல் கீச்சென்று வந்தது. பிறகு என்னையும் அவளோடு சேர்த்து வெயிலில் நிறுத்தினார்கள்.

ஆகவே உங்களுக்கான பதில்: வெறும் மொழிபெயர்ப்பு என்று ஒன்று இல்லை. மேலே சொன்னேனே, பங்குபற்றுவதும் குற்றம் என்று. உங்களையும் பயமுறுத்தித்தான் செய்விக்கிறார்கள் என்பது வேறு விஷயம், அது நியாயமான சாட்டும்கூட. ஆனால் அந்தப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குச் சாட்டு கேட்காது, உங்கள் குரல்தான் கேட்கும். நாளைக்கே நிறுத்துங்கள். அந்தச் சிங்களத்தை வைத்துச் செய்ய வேறு வேலை இருக்கிறது, கீழே பொலிஸ் கேள்வியில் சொல்கிறேன்.

‘கார்ட்’ வைக்கிறது எண்டா என்ன? ரெண்டு மாசமா என்ர பேரை ஒருத்தரும் சொல்லேல்ல.

பட்டப்பெயர். சிலது ஆயுள் முழுக்க அன்பாகவே ஒட்டியிருக்கும், அதில் எனக்குக் குறை இல்லை. சிலது உடம்பை, ஊரை, சாதியைக் குத்தும். உங்களுக்கு வைத்தது எந்த வகை என்று அதைக் கேட்கும்போது உங்கள் வயிறு சொல்லும்.

சின்ன வேலை ஒன்று செய்யுங்கள். உங்கள் பட்சில் ஒருவரிடம் மட்டும், “என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு” என்று கேளுங்கள். தமிழ்ப் பெயர் வாயில் நுழையவில்லை என்று சொல்லும் சிங்களச் சினேகிதிக்குப் பெயரைப் பிரித்துச் சொல்லிக் கொடுங்கள். என் அறைத்தோழிக்கு ‘ழ’ வர ஒரு மாதம் எடுத்தது. வந்த அன்று கொரிடோர் நீளம் கத்திக் கூப்பிட்டாள்.

செய்யிறது எங்கட அக்காமார்தான். சிங்கள மார்ஷலிட்டப் போய் எங்கட ஆக்களைக் காட்டிக் குடுக்கிறதா?

மார்ஷல் என்றால் கம்பஸில் ஒழுங்கைப் பார்க்கும் உத்தியோகத்தர். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி. வெளியில் யாரும் இதைப் பேசுவதில்லை. முதல் வாரம் உங்களைக் கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போனது தமிழ் அக்காமார்தான். போர்டிங் பிடித்துத் தந்தது, எந்தக் கடையில் மதியச் சோறு மலிவு என்று காட்டியது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது எல்லாம் அவர்களே. அதே அக்காமார் இரவில் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டு முழங்காலில் நிற்கச் சொல்லும்போது, கஞ்சியையும் முழங்காலையும் ஒரே கணக்கில் போட்டுவிடுகிறோம்.

‘காட்டிக் கொடுத்தல்’ என்ற சொல் எங்கள் வீடுகளில் சாதாரணச் சொல் இல்லை. அதன் பின்னால் எத்தனை வருடத்துக் கதை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்தச் சொல்லை உங்கள் மேல் வீசுகிறார்கள். ஒரு பிள்ளையின் முழங்காலைப் பற்றி முறையிடுவதும் ஒரு சமூகத்தைக் காட்டிக் கொடுப்பதும் ஒன்றா? சிறுபான்மை ஒற்றுமைக்கு உங்கள் தூக்கத்தைத்தான் விலையாகக் கேட்கிறார்கள் என்றால், அந்த ஒற்றுமையால் யாருக்கு லாபம் என்றும் பாருங்கள்.

மார்ஷலிடம் நேரே போக மனம் வரவில்லையா? முதலில் தமிழ் விரிவுரையாளர் ஒருவரிடமோ மாணவர் ஆலோசகரிடமோ போகலாம். தமிழ்ச் சங்கத்திலும் இந்து மன்றத்திலும் முஸ்லிம் மஜ்லிஸிலும் இதை அடியோடு பிடிக்காத சீனியர்கள் இருப்பார்கள். ஒருவரையாவது கண்டுபிடியுங்கள். ஆனால் “உள்ளுக்குள்ளயே பேசித் தீர்ப்போம்” என்று இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால், அது தீர்க்கப் பேசும் பேச்சு இல்லை, ஆறப்போடும் பேச்சு.

போகாட்டி ‘அன்டி’ எண்டு ஒதுக்கிப் போடுவினமாம். குப்பி, நோட்ஸ் ஒண்டும் கிடைக்காதாம். சோதனை எப்படிப் பாஸ் பண்றது?

பகிடிவதைக்கு உடன்படாதவருக்கு வைக்கும் பெயர்தான் ‘அன்டி’. ஒதுக்குவார்கள், அது பொய் இல்லை. கன்டீனில் மேசை மாறும். பட்ச் ட்ரிப்புக்குச் சொல்லமாட்டார்கள். முதல் செமஸ்டர் நீளமாக இருக்கும்.

குப்பி கதை மட்டும் பாதிப் பொய். பரீட்சைக்கு முன் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அருமையான வழக்கம் அது. ஆனால் அதன் சாவி யாரிடமும் இல்லை. ‘அன்டி’ என்று ஒதுக்கப்பட்ட ஐந்து பேர் சேர்ந்தால் அதுவே ஒரு குப்பி. பழைய வினாத்தாள்களை நூலகத்தில் கேளுங்கள். விரிவுரைக்குப் போங்கள். பல பீடங்களில் பரீட்சை எழுத 80 சதவீத வரவு வேண்டும், சீனியரின் அன்பு வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. இரண்டாம் வருடத்தில் இந்தப் பிரிவெல்லாம் தேய்ந்துவிடும். உங்களை ஒதுக்கிய பிள்ளையே வந்து, ‘உன்ட நோட்ஸ் இருக்கா?’ என்று கேட்பாள். கொடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நான் கொடுத்தேன், கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு.

ஆரிட்ட சொல்றது? முறைப்பாடு குடுத்தா பேர் வெளியில வருமா?

யாரிடமும் சொல்வதற்கு முன் எழுதுங்கள். அன்றன்றே, தமிழில், நாலு வரி. எத்தனை மணி, எந்த இடம், யார் யார், என்ன சொன்னார்கள். பெயர் தெரியாவிட்டால் அடையாளம். வட்ஸ்அப் என்றால் திகதி தெரிய ஸ்கிரீன்ஷாட். அதைக் கம்பஸுக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு, அக்காவோ சித்தியோ யாரோ, அன்றே அனுப்பிவிடுங்கள். போனைப் பிடுங்கி அழிக்கவைத்தாலும் ஒரு பிரதி இருக்கும். கோபம் ஆறிய பிறகு எழுதினால் எல்லாம் மங்கிவிடும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கடைசிக் கேள்வியில் தெரியும்.

உள்ளே சொல்வதற்கு மாணவர் ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர், பீடாதிபதி. அங்கே நகராவிட்டால் வார்ட் பிளேசில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. பகிடிவதை முறைப்பாட்டுக்கென்றே அவர்களிடம் இணையப் படிவமும் தொலைபேசி வசதியும் இருக்கின்றன. பெண் பிள்ளைகள் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். பெயரைப் பற்றிக் கேட்டீர்கள். ‘ரகசியமாக இருக்கும்’ என்று யார் சொன்னாலும், எத்தனை பேர் கைக்கு இந்தக் கடிதம் போகும் என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தால் ஒரு பெயரைத் தனியாகப் பிடுங்கி எடுப்பது கஷ்டம்.

பொலிசுக்குப் போனா வாழ்க்கை முடிஞ்சுது எண்டு எல்லாரும் சொல்றாங்க.

அடி, பாலியல் தொந்தரவு, அடைத்துவைத்தல், கொலை மிரட்டல் என்றால் பொலிஸ்தான். உள்விசாரணைக்குக் காத்திருக்க வேண்டாம். அவசரத்துக்கு 119. நிலையத்துக்குப் போனால் மகளிர், சிறுவர் பிரிவைக் கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம்.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் இல்லை, வரும்வரை இருக்க வேண்டும் என்றால் இருங்கள். அவர்கள் சிங்களத்தில் எழுதி, ‘கையெழுத்து வை’ என்று நீட்டினால், விளங்காத தாளில் கையெழுத்து வைக்கக் கூடாது. சிங்களம் நன்றாக வரும் பிள்ளைகளே, உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்றேனே, இதுதான். பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியையும் வாசித்துச் சொல்லுங்கள். நான் மூன்று தடவை கறுவாத்தோட்டப் பொலிஸ் வாங்கில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறேன். ஒருமுறை, “அவர் கையைப் பிடித்து இழுத்தார்” என்று பிள்ளை சொன்னது, தாளில், “அவர் கூப்பிட்டார்” என்று இருந்தது. வாசித்துக் காட்டியதும் அந்த உத்தியோகத்தர் ஒன்றும் சொல்லாமல் வெட்டித் திருத்தினார். கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. நின்று கேட்க ஆள் இல்லாவிட்டால் அது அப்படியே போயிருக்கும்.

திடீரெண்டு கம்பஸ மூடிட்டாங்க. நாலு மணிக்குள்ள ஹொஸ்டல விட்டு போகணுமாம். ஊரு எட்டு மணித்தியாலம்.

கொழும்பில் இது புதினமில்லை. மோதல், ஆர்ப்பாட்டம், தொற்று, வெள்ளம், ஏதோ ஒன்றுக்காகக் கேட் பூட்டப்படும். 2012இல் விரிவுரையாளர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. நாலு வருடப் படிப்பு ஐந்து வருடமாக இழுபடுவது இப்படித்தான்.

அடையாள அட்டை, மாணவர் அட்டை, வங்கி அட்டை, ஒரு நாள் உடுப்பு, மருந்து எல்லாம் எப்போதும் ஒரே பையில் இருக்கட்டும். ஊருக்கு ஒரு தடவை போகும் காசைத் தொடாமல் வையுங்கள். மஹாபொல புலமைப்பரிசில் 2025இல் மாதம் 7,500 ரூபாயாகக் கூடியது உண்மைதான், ஆனால் அது எப்போது கணக்கில் விழும் என்று நம்பி பஸ் ஏற முடியாது. யாழ்ப்பாணத்துக்கு வெள்ளவத்தையிலிருந்தே இரவு பஸ் இருக்கிறது. ஹட்டன் பக்கம் என்றால் நேரே புறக்கோட்டை. இருட்டிவிட்டால் போக வேண்டாம். கொழும்பில் வீடு இருக்கும் பட்ச்மேட் ஒருவரோடு இதை முதல் மாதமே பேசி வையுங்கள். எங்கள் போர்டிங் ஹோலில் ஒருமுறை பதினொரு பேர் பாயில் படுத்தார்கள். வீட்டுக்கார அன்ரி முதலில் முறைத்தார், பிறகு பெரிய பானையை எடுத்துத் தந்தார்.

ஊர்வலத்துக்குக் கட்டாயம் வரோணுமாம். அம்மா பயப்பிடுறா. போகலாமோ?

கட்டாயம் என்றால் போகாதீர்கள். அதுவும் ஒரு வகைப் பகிடிவதைதான், மேலே சொன்ன ‘மாட்டேன்’ பரீட்சையை இங்கேயும் வைத்துப் பார்க்கலாம். விருப்பம் என்றால் எதற்காக என்று தெரிந்துகொண்டு போங்கள். துண்டுப்பிரசுரம் சிங்களத்தில் இருந்தால் முழுவதும் வாசிப்பித்துக் கேளுங்கள்.

அம்மாவின் பயத்தைப் பழைய காலத்துப் பயம் என்று தள்ள வேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று வந்து, பிறகு நிரந்தரமானது. அது யார் வீட்டுக் கதவைத் தட்டியது என்று அம்மாவுக்குத் தெரியும். 2022இல் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றிய அழைப்பாளரையே அந்தச் சட்டத்தில் பிடித்து வைத்தபோதுதான் தெற்கில் பலருக்கு அது என்னவென்று விளங்கியது. அதே 2022 மே 18ஆம் திகதி காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுகூரலும் நடந்தது, கஞ்சியும் கொடுத்தார்கள். சேர்ந்து நிற்க முடியாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் துக்கத்துக்கும் அங்கே இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நில்லுங்கள் என்கிறேன்.

போனால் கொன்டக்ட் லென்ஸ் வேண்டாம், தண்ணீர்ப் போத்தல் வேண்டும். கண்ணீர்ப்புகை வந்தால் கண்ணைக் கசக்காமல் காற்று வரும் பக்கமாக நகர்ந்து, நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். லிப்டன் சுற்றுவட்டம் பக்கம் என்றால் எந்தத் தெருவால் வெளியேறுவது என்று முன்பே பார்த்து வையுங்கள்.

தங்கச்சி, நான் ஒரு பிள்ளையின்ட அப்பா. போன்ல அழுறா. கூட்டிக்கொண்டு வந்திரட்டோ?

ஐயா, முதலில் வந்து பாருங்கள். கூட்டிப்போக என்று இல்லை, சும்மா வாருங்கள். ஒரு நாள் பக்கத்தில் இருந்து சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். “உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டு…” என்று தொடங்காதீர்கள். அந்த வசனம்தான் பல பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. உடம்புக்கு ஆபத்து என்று தெரிந்தால் யோசிக்காமல் கூட்டிப் போங்கள், படிப்பை ஒரு வருடம் தள்ளிப்போட வழி கேட்கலாம். ஆனால் ‘திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும்’ என்பதும் ‘அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டிரு’ என்பதும் நீங்கள் எடுக்கும் முடிவுகளாக இருக்கக் கூடாது. அவளிடம் கேளுங்கள்.

நித்திரையே வருதில்ல. சாப்பாடு இறங்குதில்ல. காணாமப் போயிரணும் போல இரிக்கி.

இதை வாசித்துக்கொண்டிருக்கும் நேரம் இப்படி இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். தமிழில் கதைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். பிறகு அறையில் இருக்கும் ஒருவரை எழுப்புங்கள். நல்ல சினேகிதியாக இருக்க வேண்டியதில்லை, முழித்திருந்தால் போதும். முறைப்பாடு, பரீட்சை, பட்ச், எல்லாம் நாளைக்கு.

எனக்குத் தைரியம் இல்ல அக்கா. நீங்க மாட்டேன்னு சொன்னீங்க. நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல.

நானும் அப்படிப்பட்ட ஆள் இல்லை. முதல் இரண்டு நாள் என்ன செய்தேன் என்று மேலே வாசித்தீர்கள்தானே. எனக்கு எது உதவியது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் இரவு அந்த முல்லைத்தீவுப் பிள்ளை அழவில்லை. விடுதி அறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உடுப்பு மடித்தாள். ஒரு சட்டையையே நாலைந்து தடவை மடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீனியர்மேல் இருந்த பயத்தைவிட நாளைக்கும் அந்த முதுகைப் பார்க்க வேண்டும் என்ற பயம் பெரிதாக வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த வருசம் நான் சீனியர். செய்யாட்டி பட்ச் ஒற்றுமை வராது எண்டு சொல்லுகினம். கொஞ்சமாச் செய்யலாம்தானே?

கொஞ்சம் எவ்வளவு என்று யார் அளப்பது? உங்களுக்குச் செய்தவர்களும் கொஞ்சம் என்றுதான் தொடங்கியிருப்பார்கள். புதுப் பிள்ளைகளை ஒன்றுசேர்க்க வேண்டுமா, முதல் வாரமே குப்பி வையுங்கள். கோட்டை ஸ்டேஷனுக்குப் போய் பெட்டி தூக்குங்கள். கஞ்சி வையுங்கள். அதற்குப் பிறகு மொட்டைமாடிக்குக் கூப்பிட வேண்டாம்.

அந்த முல்லைத்தீவு அக்கா இப்ப உங்களோட கதைக்கிறாவா?

கதைக்கிறாள். முதல் வருடம் முழுக்கக் கதைக்கவில்லை. இரண்டாம் வருடம் நூலகத்தில், “இந்தச் சொல்லுக்குச் சிங்களத்தில என்ன?” என்று தாளை நீட்டினாள். அதிலிருந்து. இப்போது ஊரில் ஆசிரியை. மன்னிப்புக் கேட்டேனா என்றும் சிலர் கேட்கிறார்கள். கேட்டேன். “சரி” என்றாள். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று நான் மொழிபெயர்க்கப் போகவில்லை.

இந்தப் பக்கத்தை எழுதி முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எழுத்துப்பிழை இரண்டைக் காட்டியிருந்தாள். அதற்குக் கீழே ஒரு வரி: “மூண்டாம் நாள் இல்லையடி, ஆறாம் நாள். இடையில சனி ஞாயிறும் வந்தது.” எழுத்துப்பிழைகளைத் திருத்திவிட்டேன். மூன்றாம் நாள் என்று நான் இத்தனை வருடம் நம்பியிருந்ததை மேலே அப்படியே விட்டிருக்கிறேன்.